ஒரு லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்!

“எங்க வீட்ல ஒரு காண்டஸா நிக்குது” என்று உங்கள் ஆபீஸில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ரிட்டயர்மென்ட்டை எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் ஹெட் கிளார்க் என்றால், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, “அடேயப்பா! பெட்ரோலா, டீசலா?” என்பார். புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையன் என்றால், “அது என்ன சார், கடன் குடுக்கற ஆப்பா?” என்பான். எனக்கு இரண்டு அனுபவமும் ஒரே நாளில் ஏற்பட்டது.

அந்தப் பையனுக்காகக் கொஞ்சம் பூர்வ கதை. அம்பாஸடர் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டு வந்த கார் காண்டஸா. எழுபதுகளில் இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் விக்டர் என்ற பெயரில் ஓடி ஓய்ந்த காரின் அச்சுகளை வாங்கி வந்து, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் தட்டி உருவாக்கினார்கள். பார்க்கப் பீமன். ஆனால் முதலில் உள்ளே வைத்தது அம்பாஸடரின் அதே 1489 சி.சி. என்ஜின். பீமனுக்கு நகுலனின் சாப்பாடு போட்டால் எப்படி இருக்கும்? மேடு கண்டால் மூச்சு வாங்கியது. சில வருஷம் கழித்துத்தான் ஜப்பான் இசுஸுவின் 1817 சி.சி. பெட்ரோல் என்ஜினை ஐந்து கியரோடு வைத்தார்கள். 88 குதிரைத் திறன். மாருதி 800 நாற்பதைத் தொடாத காலம் அது! சினிமாவில் வில்லன் ஏறினாலும் சரி, மந்திரி இறங்கினாலும் சரி, அந்தக் காரின் கதவு சாத்தும் ‘தொப்’ சத்தத்துக்கே ஒரு மரியாதை இருந்தது.

எங்கள் வீட்டு காண்டஸா 1995 மாடல். என் பெரியப்பாவுடையது. ‘எங்கள்’ என்று நான் உரிமை கொண்டாடுவதற்கு ஒரே ஆதாரம், பள்ளிக்கூட நாட்களில் அதன் பின் சீட்டில் தூங்கியபடி மேட்டூர் அணைக்குப் போயிருக்கிறேன் என்பதுதான்.

பெரியப்பா இரண்டு லாரி வைத்து ஓட்டியவர். ஸ்டீரியங் பிடித்த கை, பிறகு முதலாளியான கை. 2019-ல் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் எடுத்துக் கொண்டு போய்விட்டது. அன்றைக்கு ஷெட்டில் விட்ட வண்டிதான். அப்புறம் கொரோனா வந்தது. 2020-ல் ஆர்.சி. காலாவதியானது. வேப்பம்பழம், பூனைக்குட்டி, எலி என்று காருக்குள் ஒரு சின்னப் பஞ்சாயத்தே குடியேறியது.

போன வருஷம் அண்ணன் (பெரியப்பா மகன்) என்னைக் கூப்பிட்டு, “இரும்புக்காரன் முப்பத்தெட்டாயிரம் தரேங்கறான். குடுத்துட்டு அந்த இடத்துல ரெண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம்னு இருக்கேன்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிஸியோதெரபிக்கு வருகிற ஆளுக்கு மாசா மாசம் பணம் எண்ணித் தருவது அவர்தான். பெரியம்மா மட்டும், “உங்கப்பா அத ஒருக்கா ஓட்டத்துல கேக்கட்டும். அப்புறம் என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பார்க்கட்டும் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கேட்கட்டும் என்றார்.

நான் நடுவில் புகுந்தேன். செலவு என்னுடையது. தை முடிவதற்குள் வண்டி எஃப்.சி. பாஸாகி ஆர்.சி. புதுப்பித்தால் வண்டி நிற்கும். ஃபெயிலானால் இரும்புக்காரர் வரலாம். அண்ணன் சிரித்துக் கொண்டே சரி என்றார். ஜெயிக்கப் போகிறவர் சிரிக்கிற சிரிப்பு.

பி.காம். படித்தவன் எதையும் பேரேட்டில் எழுதாமல் ஆரம்பிக்க மாட்டான். வருமான வரி முறைப்படி காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் என்று வைத்துக் கொண்டு, முப்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டேன். ஆரம்ப மதிப்பில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் இப்போது மிச்சம் 76 பைசா. இந்த முறையில் ஒரு அழகு உண்டு. எத்தனை வருஷம் ஆனாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. இதை மனைவியிடம் ஆறுதலாகச் சொன்னேன். “அந்த 76 பைசாவுக்கு எவ்வளவு செலவு பண்ணப் போறீங்க?” என்றாள். ஆடிட்டராகப் போயிருக்க வேண்டியவள்.

இனி மெக்கானிக் தேடும் படலம். எங்கள் பக்கத்து ஜில்லாக்களின் பெருமை உங்களுக்குத் தெரியும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி கிளம்பிப் போய் இந்தியா முழுக்கப் பூமியில் ஓட்டை போடும். சங்ககிரியில் தடுக்கி விழுந்தால் லாரி ஓனர் மேல்தான் விழ வேண்டும். இத்தனை இருந்தும், ஒரு கார் கார்புரேட்டரைப் பிரித்து மாட்ட ஆள் தேடினால் கை விரிக்கிறார்கள். காரணம் எளிது. 2000-ஐ ஒட்டிக் கார்களில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ள கார் மெக்கானிக் பலருக்கு அது கொல்லுப் பாட்டன் வைத்திருந்த வெற்றிலைச் செல்லம் மாதிரி. சேலத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பையன் ஸ்கேனரை எடுத்துக் கொண்டு வந்து, சொருகுவதற்கு இடம் எங்கே என்று டேஷ்போர்டுக்குக் கீழே பத்து நிமிஷம் தேடினான். பாவமாக இருந்தது.

கடைசியில் ஆள் கிடைத்தது டூவீலர் பட்டறையில்! யோசித்தால் நியாயம்தான். பைக்குகளில் 2020-ல் பி.எஸ்.6 விதி வரும் வரைக்கும் கார்புரேட்டர்தான். அதிலும் 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்னும் குலதெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அந்தத் தெய்வத்துக்குப் பூசாரியாக இருந்த ஒரு பையனை ஊரே ‘ஆரெக்ஸ்’ என்று கூப்பிடும். இருபத்தாறு வயசு. காண்டஸாவின் பானெட்டைத் திறந்து பார்த்து, “அண்ணே, இதுவும் கார்ப்ரேட்டர்தான். என்ன, வாய் ரெண்டு” என்றான். அந்த நிமிஷமே அவனை நியமனம் செய்துவிட்டேன்.

வாய் இரண்டு என்றானே, அதில்தான் விஷயமே. ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தும் வரை ஒரு வாய் மட்டும் திறந்து காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும். ஆழமாக மிதித்தால் இரண்டாவது வாயும் திறக்கும். அதற்கப்புறம் பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்க்க மனசுக்குத் தெம்பு வேண்டும்.

ஆரெக்ஸ் முதலில் என்ஜினைத் தொடவில்லை. பிரேக்கைப் பிரித்தான். “ஓடறது அப்புறம்ணே, முதல்ல நிக்கோணும்” என்றான். ஆறு வருஷத்தில் ரப்பர் எல்லாம் கருவாடாகியிருந்தது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், நாலு டயர் எல்லாம் மாற்றினோம். பெட்ரோல் டாங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தால் வார்னிஷ் மாதிரி ஒரு வஸ்து ஊற்றியது. அதன் நாற்றத்தில் அண்ணன் வீட்டு முருங்கை மரமே இலை உதிர்த்தது என்று பெரியம்மா புகார் சொன்னார்.

நின்றுபோன என்ஜினைச் சாவி போட்டுச் சட்டென்று கிளப்பக் கூடாது, தெரியுமோ? நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். மறுநாள் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றியது. பிஸ்டன் பிடித்துக் கொள்ளவில்லை. அன்று சாயந்திரம் ஆரெக்ஸுக்குப் புரோட்டாவும் சால்னாவும் என் செலவு (பேரேட்டில் ‘இதர வகை’).

முதல் முறை ஸ்டார்ட் ஆனபோது பெரியப்பாவை வீல்சேரில் ஷெட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். புகை, குலுக்கல், தெருநாய்கள் ஓட்டம். எனக்கோ பரவசம். பெரியப்பா முகத்தில் ஒன்றுமில்லை. இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார்.

“மூணு மாசம் ஆகும்கறாரு” என்றார் அண்ணன்.

“மூணு லட்சம் ஆகும்கறாரு” என்றாள் என் மனைவி.

ஆரெக்ஸ் மட்டும் பேசாமல் கம்ப்ரஷன் கேஜைக் கொண்டு வந்து மாட்டினான். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்களில் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. மூன்றாவதில் முக்கால் தூரம் கூடப் போகவில்லை. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தான். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக் கொண்டு முள் மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. அப்படியானால் கசிவு மேலே, வால்வில். ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஓரத்தில் கருகிக் கிடந்தது!

நாங்கள் எல்லோரும் பெரியப்பாவைச் சித்தர் ரேஞ்சுக்குப் பார்க்க ஆரம்பித்தோம். பெரியம்மாதான் போட்டு உடைத்தார்: “மூணாவது வீக்குன்னு படுக்கறதுக்கு முந்தியே சொல்லிட்டிருந்தாருப்பா. பட்டறைக்கு விடோணும்னாரு. அதுக்குள்ள இவருக்கே இப்படி ஆயிருச்சு.” அதாவது ஆறு வருஷமாக அந்த மனுஷன் மனசுக்குள் அந்த ஒரு வேலை பாக்கி நின்றிருக்கிறது. யாரிடமும் சொல்ல வாய் இல்லை.

வால்வு வேலை லேத்துப் பட்டறையில் முடிந்தது. உதிரி பாகம் கிடைக்குமா என்று பயந்தவர்களுக்கு ஒரு நல்ல சேதி. இதே இசுஸு என்ஜினைத் தொண்ணூறுகளில் அம்பாஸடருக்கும் போட்டார்கள். காண்டஸா 2002-ல் நின்றாலும் அம்பாஸடர் 2014 வரை வந்தது. அதனால் சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கால் கடுக்க நடந்தால் என்ஜின் சாமான் அகப்படும். பாடி சாமான்தான் கஷ்டம். ஒரு பின் விளக்குக் கண்ணாடிக்கு நான் அலைந்த அலைச்சலில் பெண் பார்த்து ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் நண்பர்கள் யோசனை சொல்ல வந்தார்கள். “எதுக்குய்யா பழைய என்ஜினோட மல்லுக்கட்டற? ஜப்பான் டர்போ என்ஜினத் தூக்கி வை. முன்னூறு குதிரை!” என்றார் ஒருவர். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. என்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். சட்டம் கிடக்கட்டும், எனக்கே அதில் இஷ்டமில்லை. பெரியப்பா கேட்க நினைத்த சத்தம் அந்த 88 குதிரையின் சத்தம். வேறு லாயத்துக் குதிரையைக் கொண்டு வந்து கட்டி என்ன பிரயோஜனம்?

வேகத்தில் அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. லாரி லோடு மெட்ராஸுக்குப் போன காலத்தில் சோழவரம் ரேஸ் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயம் அது. வீட்டுப் பட்டறையிலும் தெருப் பட்டறையிலும் டியூன் பண்ணின ஃபியட்டுகள் அங்கே சீறும். கோவை கரிவரதன் மாதிரி ஆட்கள் தாங்களே கார் கட்டி ஓட்டினார்கள். மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காருகிற ‘ஃபார்முலா மாருதி’ ரேஸ் காரை உருவாக்கிய புண்ணியவான் அவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சோழவரம் கதையைப் பெரியப்பா சொல்ல ஆரம்பித்தால் கையாலேயே கியர் போட்டுக் காட்டுவார். நான் சொல்வது 2019-க்கு முன்னால்.

வால்வு முடிந்து வண்டி சுத்தமாக ஓட ஆரம்பித்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். பெரியப்பா இடது கையைப் பக்கவாட்டில் ஆட்டினார். இல்லையாம். எங்கள் காதில் ஒன்றும் விழவில்லை. மறுபடி ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லிச் சைகை. கொடுத்தான். சட்டென்று கொடுக்கும்போது அரை வினாடி ஒரு தயக்கம். விக்கல் மாதிரி. அப்புறம்தான் பிக்கப்.

இதற்குக் காரணம் பெரியப்பாவோ வண்டியோ இல்லை. பெட்ரோல்! அவர் கடைசியாக ஓட்டின காலத்துப் பெட்ரோல் வேறு. 2023-ல் அறிமுகமாகி இப்போது பங்க்குகளில் வருகிற இ20-ல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் கலந்திருப்பதால் அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டும். புதுக் காரில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும். கார்புரேட்டருக்கு என்ன தெரியும்? ஜெட்டின் ஓட்டை என்ன அளவோ அவ்வளவுதான் ஊற்றும். பற்றாக்குறை வந்து என்ஜின் விக்குகிறது. பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் இவற்றையும் எத்தனால் ஊற வைத்து இளக்கிவிடும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றினோம். ஒரு நம்பர் பெரிய மெயின் ஜெட்டை ஆரெக்ஸ் உக்கடத்தில் தேடிப் பிடித்து வந்தான். ரேடியேட்டர் பக்கம் பார்த்தால், எந்தக் காலத்திலோ எந்த மகராசனோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தான். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று பலர் செய்கிற வைத்தியம் இது. அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகிறது, அதுவரைக்கும் பெட்ரோலைக் குடிக்கிறது. அதையும் போட்டோம்.

பிறகு மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூ. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். ஆரெக்ஸ் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருக்கிறான். பக்கத்தில் பெரியப்பா, கண்ணை மூடிக்கொண்டு. இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் அசைகிறது. மேலே என்றால் திற. கீழே என்றால் மூடு. உள்ளே திருகினால் என்ஜின் தடுமாறும். ரொம்ப வெளியே எடுத்தால் எருமை மாதிரி உறுமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். விரல் கீழே, கீழே, இம்மி மேலே... நின்றது. என்ஜின் சத்தமே மாறிவிட்டது. தையல் மெஷின் மாதிரி ஒரு சீரான ஓட்டம். ஆரெக்ஸ் நிமிர்ந்து, “எனக்கு இந்த எடம் கேக்கலண்ணே” என்றான். அவன் காதைப் பற்றி ஊரே பெருமையாகப் பேசும். எனக்கு முகத்தைத் திருப்பிக் கொண்டு டூல்ஸ் பொறுக்க வேண்டியதாகிவிட்டது. அண்ணனும் அங்கே இல்லாத ஒரு ஸ்பேனரைத் தேடிக் கொண்டிருந்தார்.

டிங்கரிங், பட்டி, பெயின்ட் விவகாரங்களைச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். கதவுக்குக் கீழே துரு தின்ற இடங்களை வெட்டி வெல்டிங் வைத்தோம். அதே வெள்ளை நிறம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும் முன் கட்டணத்தைப் பார்த்தேன். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000! இது போக பசுமை வரி, தாமதக் கட்டணம். ‘வின்டேஜ்’ என்று சலுகை கேட்கலாமா என்றால், 2021 விதிப்படி அதற்கு வண்டிக்கு ஐம்பது வயசு ஆக வேண்டும். எங்கள் காருக்கு அந்தத் தகுதி 2045-ல் வரும். மூத்த குடிமகனும் இல்லை, இளைஞனும் இல்லை. நடுத்தர வயசு ஆசாமியை யாரும் மதிப்பதில்லை என்பது காருக்கும் பொருந்துகிறது.

வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டு போனோம். இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைத் தடவிப் பார்த்தார். விளக்கு, ஹாரன், பிரேக், புகை எல்லாம் பார்த்தார். பானெட்டைத் திறந்து நெடுநேரம் நின்றார். எனக்கு வயிறு கலங்கியது. “யார் டியூன் பண்ணினது?” என்றார். ஆரெக்ஸ் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக் கொண்டு, “எங்கப்பா சார்” என்றார். கடை கட்டப் போகிற அதே அண்ணன்!

பாஸ். ஐந்து வருஷத்துக்கு.

தை மாசம் நாலாவது ஞாயிறு தொப்பூர் கணவாய்க்குப் போனோம். லாரிக்காரர்களுக்கு அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே அடிவயிற்றில் புளி கரைக்கும். தர்மபுரியிலிருந்து இறங்கும் வழியில் எத்தனை விபத்து! நாங்கள் போனது ஏறுகிற வழி. அண்ணன் ஸ்டீரியங்கில், பெரியப்பா முன் சீட்டில், நான் பின்னால். தீவட்டிப்பட்டி தாண்டி மேடு ஆரம்பித்ததும் அண்ணன் கியரைக் குறைக்கக் கை வைத்தார். பெரியப்பா இடது கையால் அந்தக் கையைத் தட்டிவிட்டார். நாலாவது கியரிலேயே ஏறச் சொல்கிறார். அண்ணன் மிதித்தார். இரண்டாவது வாயும் திறந்தது. முதுகு சீட்டில் ஒட்டியது. முன்னால் போன இரண்டு லாரிகள் பின்னால் போயின. விக்கல் இல்லை. பெரியப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் காதை வெளியே கொடுத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டி மறுபடி ஒரு விரலைக் காட்டினார். முதல் சிலிண்டரா, ஒரு டீயா என்று எங்களுக்குள் வாக்குவாதம். டீதான்.

மொத்தச் செலவு 1,12,640 ரூபாய். மைலேஜ் லிட்டருக்கு எட்டு, மிதித்தால் அதுவும் இல்லை. பேரேட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்று ராத்திரி அண்ணன் போன் செய்தார். இரும்புக்காரர் விஷயம்தானோ என்று பயந்து கொண்டே எடுத்தேன்.

“அடுத்த வாரம் ஜலகண்டாபுரத்துல ஒரு கல்யாணம். அப்பாவக் கூட்டிட்டுப் போறேன், வண்டி எடுத்துக்கறேன். டாங்க் காலியா இருக்கு, நீ ஒரு முப்பது லிட்டர் போட்டு வெச்சிரு.”